கட்டி முடியாத ஃபிளாட்டுக்கு டெபாசிட் கட்டுகிறீர்களா? டர்பன் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க

டர்பனுக்கு வடக்கே கடலோரம் எழும்பும் அடுக்குமாடிகளில், வெறும் பிளானைப் பார்த்து ஃபிளாட் புக் செய்பவர்களில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அப்படி ஒரு திட்டத்தில் 18 லட்சம் ரேண்ட் ஃபிளாட்டுக்கு 10 சதவீதம், அதாவது 1,80,000 ரேண்ட் கட்டியவர்கள் இன்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கட்டடம் இரண்டாம் தளத்தோடு நின்றுவிட்டது, பில்டர் கம்பெனி திவால். இத்தனைக்கும் பணம் ஒழுங்காக வக்கீலின் டிரஸ்ட் கணக்குக்குத்தான் (பிறர் பணத்தை வக்கீல் பத்திரமாக வைத்திருக்கும் கணக்கு) போனது. வாங்கியவர்களின் கையெழுத்தைக் காட்டியே அங்கிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் தாமத வட்டி பற்றிய பத்திக்குள் ஒரு வாக்கியம் செருகியிருந்தது: அஸ்திவாரம் முடிந்ததாக பில்டரின் இன்ஜினியர் சான்று கொடுத்ததும், டெபாசிட்டைக் கட்டுமானச் செலவுக்கு விடுவிக்க வாங்குபவர் சம்மதிக்கிறார். கையெழுத்து வாங்கும்போது யாரும் அதைப் படித்துச் சொல்லவில்லை.

சட்டம் இதற்கு நேர் எதிரானது. தென்னாப்பிரிக்காவின் 1981ஆம் ஆண்டு 68ஆம் எண் நில விற்பனைச் சட்டம், பிரிவு 26: ஃபிளாட் உங்கள் பெயருக்குப் பதிவாகும் நிலைக்கு வரும்வரை விற்பவர் பணம் வாங்கக் கூடாது, வாங்கினால் குற்றம். அந்த நிலை வர, செக்‌ஷனல் பிளானுக்கு (ஃபிளாட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) அரசின் நில அளவை அதிகாரியான சர்வேயர் ஜெனரல் ஒப்புதல் தந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் அந்தக் கட்டடத்துக்குப் பதிவேடு திறந்திருக்க வேண்டும். அதுவரை டெபாசிட் டிரஸ்ட் கணக்கிலேயே கிடக்க வேண்டும்.

பிறகு எப்படி இப்படி எழுதுகிறார்கள்? பத்திரம் மாற்றும் வக்கீலான கன்வேயன்சரை வழக்கமாக நியமிப்பவர் விற்பவர், அவருக்கு ஃபீஸ் கொடுப்பது நீங்கள். ஃபீஸ் நம்முடையது என்பதால் அவர் நம் வக்கீல் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இல்லவே இல்லை. உங்களுக்கென்று வேறொரு வக்கீல் ஒப்பந்தத்தைப் படிக்கட்டும், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

டெபாசிட் விடுவிப்பு வாக்கியத்தை அடித்து, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பதிவு முடிய வேண்டிய கடைசித் தேதியும், அது தாண்டினால் டெபாசிட் வட்டியோடு திரும்பும் என்பதும் எழுத்தில் வரட்டும். 2014 சட்டத்தொழில் சட்டம் பிரிவு 86(4)இன்படி பணத்தைத் தனி வட்டிக் கணக்கில் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வட்டியில் 5 சதவீதம் வக்கீல்களுக்கான ஃபிடெலிட்டி நிதிக்கு (டிரஸ்ட் பணம் திருடு போனால் ஈடு தரும் நிதி) போகும், மீதி உங்களுக்கு. எழுதிக் கொடுக்காவிட்டால் பணம் பொது டிரஸ்ட் கணக்கில் கிடக்கும், வட்டி உங்களுக்கு வராது.

கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், நீங்களே தேடி எடுத்த எண்ணில் வக்கீல் அலுவலகத்தைக் கூப்பிட்டு உறுதி செய்துவிட்டுக் கட்டுங்கள். இடையில் புகுந்தவன் மாற்றிய கணக்குக்கு 55 லட்சம் ரேண்ட் அனுப்பிய ஒருவர், வக்கீல் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 2023இல் ஜெயித்தார். 2024இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் உங்கள் பணத்தின் வரவு செலவைக் காட்டும் டிரஸ்ட் லெட்ஜர் நகலை இன்றே எழுத்தில் கேளுங்கள். பணம் திருடு போனது தெரிந்தால் ஃபிடெலிட்டி நிதிக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீங்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது திருட்டே இல்லை என்று நிதித் தரப்பினர் வாதிடுவார்கள். அந்த இடத்தில் பிரிவு 26ஐப் பிடித்துப் பேசத் தெரிந்த வக்கீல் வேண்டும்.