புதிய காரின் பெயிண்ட் குறை: மெருகேற்றுவதா, மறுபூச்சா?

புதிய காரின் பானட்டில் தூசி பதிந்த புள்ளிகள் தெரிந்தால், விற்பனையகத்தினர் அந்தப் பாகத்துக்கு மறுபூச்சு செய்து தருவதாகச் சொல்வதுண்டு. அதற்கு உடனே தலையசைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தொழிற்சாலையில் இருக்கையும் வயரிங்கும் பொருத்தாத வெறும் உடல்கூட்டை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுப் பூச்சை இறுகச் செய்கிறார்கள். முழு வண்டியில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் இருப்பதால், பட்டறையில் 60 டிகிரி அளவில்தான் உலர்த்துகிறார்கள். மெட்டாலிக் நிறமென்றால், பக்கத்துக் கதவோடு நிறம் ஒத்துப்போவதும் பூசுபவரின் கைத்திறனைப் பொறுத்தது. பின்னாளில் விற்கும்போதும், மறுபூச்சைக் கண்டவர் விபத்து வண்டியோ என்று ஐயுறுவார்.

குறை நிறமற்ற மேலடுக்கான கிளியர் கோட்டில் மட்டும் இருந்தால், நுண்ணிய வாட்டர் பேப்பரால் இலேசாகத் தேய்த்து மெருகேற்றுவது மேல். ஆனால், அவ்வடுக்கின் தடிமன் பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதிகம் தேய்த்தால் வெயிலில் விரைவில் வெளிறிவிடும். ஆகவே, தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் தடிமனை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கொப்புளம், உரிதல், தகடு தெரியும் இடம் ஆகியவற்றுக்கு மெருகு உதவாது. கடலூர் போன்ற கடலோர ஊரின் உப்புக்காற்றில் அந்த இடங்களில் துரு விரைவில் பிடிக்கும் என்பதால் மறுபூச்சுதான் வழி. துரு உத்தரவாதம் தொடரும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எதுவாயினும், வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். விற்பனையகத்தினர் குறையைச் சரிசெய்ய மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம்.