புண்ணாக்குக்குப் பதில் எந்தத் தழை?

பக்ரீத்துக்குக் கிடாய்க்குட்டி தேற்றுகிறவர்களுக்குக் கையைக் கடிப்பது கடலைப் புண்ணாக்கு. அதில் பாதியைத் தழையால் ஈடுகட்டலாம். எந்தத் தழை என்பதில்தான் வாக்குவாதம்.

‘இந்த இலையில் புரதம் 25 சதவீதம்’ என்பார்கள். அது காய்ந்த எடைக்கான கணக்கு. பச்சைத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அகத்தியில் உள்ள புரதம் சுமார் 120 கிராம் கடலைப் புண்ணாக்கிலேயே கிடைத்துவிடும். கால் கிலோ புண்ணாக்கை முழுதாக நிறுத்த இரண்டு கிலோ தழை வேண்டும். 15 கிலோ எடையுள்ள மேச்சேரி இனச் செம்மறிக் குட்டிக்கு அதிலேயே வயிறு நிறைந்துவிடும். அதனால்தான் பாதி என்கிறேன்.

அகத்தியைக் குட்டிகள் பார்த்ததும் பாய்ந்து தின்னும், எளிதில் செரிக்கும். கரூர், பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், கொடி படர அகத்தியைத்தான் நட்டிருப்பார்கள். ஆனால் மரம் சவலைப்பிள்ளை மாதிரி. மொட்டையாக வெட்டினால் பட்டுப்போகும். பக்கக் கிளைகளை மட்டும் ஒடிக்க வேண்டும். தண்ணீரும் விடாமல் கேட்கும்.

சவுண்டல் (சூபாபுல் மரம்) நேர் எதிர். வெட்ட வெட்டத் துளிர்க்கும், காங்கயம் பக்கத்து மானாவாரி நிலத்திலும் தாங்கும். புரதத்திலும் அகத்திக்கு ரொம்பப் பின்தங்கியதில்லை. குறை, அதிலுள்ள மைமோசின் நச்சு. அதையே முழுத் தீவனமாகப் போட்டால் மயிர் கொட்டும், தைராய்டு வீங்கும், எடை ஏறாது. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். காய் முற்றுமுன் வெட்டிவிடுங்கள். விதை விழுந்தால் அப்புறம் காடெல்லாம் சவுண்டல்தான்.

ராசிபுரம், நாமக்கல் பக்கம் கிழங்கு பிடுங்கும்போது மரவள்ளித் தழை சும்மா கிடைக்கும். சும்மா கிடைக்கிறதே என்று பச்சையாகப் போட்டால் சயனைடு நச்சில் குட்டி போய்விடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சமாகப் போடலாம். (ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை அரைத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி வேறு கதை. அது மாவுச்சத்து, புரதத்துக்கு ஆகாது.)

மூலனூர், அரவக்குறிச்சி முருங்கைக்காரர்களுக்குக் கவாத்துத் தழை கைமேல் லாபம். நச்சுத் தொல்லை இல்லை. ஆனால் தோட்டத்தில் எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் இருப்பவருக்கு என் ஓட்டு வேலிமசால் என்ற தீவனச் செடிக்கு. விதைத்து 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை. புரதம் அகத்தியைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் மைமோசின் கிடையாது, சில வருஷம் நின்று பலன் தரும், தொரட்டியோடு மரம் ஏற ஆள் தேட வேண்டாம். கூலியைச் சேர்த்துப் பார்த்தால் அகத்தி எனக்கு இரண்டாவதுதான். தண்ணீர் இல்லாத கொறங்காட்டுக்காரருக்கு (மானாவாரி மேய்ச்சல் காடு வைத்திருப்பவருக்கு)ச் சவுண்டலை விட்டால் வழியில்லை.

எதைத் தேர்ந்தாலும் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். தழையைத் தரையில் கொட்டாமல் கட்டித் தொங்கவிடுங்கள்; மிதித்ததைக் குட்டி மோந்துகூடப் பார்க்காது.