காந்தி ரோடு சந்து டிவிடி கடை: பேய்ப்படம் சூப்பர், 5 இன் 1 பக்கம் போவாதீங்க

வேலூர்ல ஒரிஜினல் டிவிடி இன்னும் எங்க கெடைக்கும்னு கேக்கறவங்களுக்கு, காந்தி ரோட்ல இருந்து பிரியுற சந்து ஒண்ணுல சின்னதா ஒரு கடை கீது, முன்னாடி பூரா செல்ஃபோன் கவரா தொங்கும், அத பாத்துட்டு திரும்பிடாதீங்க, உள்ள போனா தான் சரக்கு. எல்லாம் செகண்ட் ஹேண்ட்.

பேய்ப்படம், திரில்லர் வரிசை தான் வெயிட்டு. 2009ல வந்த யாவரும் நலம் எடுத்தேன், கீறலே இல்ல, ராத்திரி லைட்ட அணைச்சிட்டு நல்ல ஸ்பீக்கர்ல போட்டு பாருங்க, போன்ல பாத்தா அந்த பயத்துல பாதி கூட வராது.

பாட்டு படங்கள்ல தான் உஷாரா இருக்கணும். தில்லானா மோகனாம்பாள் தனி டிஸ்க்கா வாங்குங்க, சேதுராமன் பொன்னுசாமி அண்ணன் தம்பி நாதஸ்வரத்துக்கே காசு குடுக்கலாம். அதையே 5 இன் 1ல எடுத்தா போச்சு, ஒத்த லேயர் (படம் பதியுற அடுக்கு ஒண்ணே ஒண்ணு) டிவிடில மொத்தமே 4.7 ஜிபி, அதுல அஞ்சு படத்த திணிச்சா பத்மினி வேகமா ஆடறப்பலாம் படம் கட்டங்கட்டமா ஒடையுது, உக்காந்து பேசற சீன்ல மட்டும் தெரியாது. (ரெண்டு லேயர் இருக்கற 8.5 ஜிபி டிஸ்க்குல நடுவுல ஒரு செகண்ட் நின்னு போகும், அது லேயர் மாறுறது, ரிப்பேர்னு நெனச்சி கடைக்காரர்கிட்ட சண்டைக்கி போவாதீங்க.)

"அண்ணா, போட்டு காட்டுங்க"ன்னா சலிக்காம போட்டு காட்டுறாரு. வண்டி நிறுத்த தான் எடமே இல்ல.