அமெரிக்காவின் ‘வொர்க் ஸ்டடி’ திட்டம்: இரண்டாண்டு வேலை பார்த்தவளின் மதிப்பீடு

குடும்ப வருமானம் போதாத மாணவர்களுக்காக அமெரிக்க மத்திய அரசு நடத்தும் ‘ஃபெடரல் வொர்க் ஸ்டடி’ திட்டத்தின் கீழ், நான் படித்த பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். நல்ல திட்டம்தான்; ஆனால் இதைக் கல்விக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் உதவித்தொகை என்று எண்ணிச் சேரும் குடும்பம் முதல் பருவத்திலேயே திண்டாடிப்போகும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

சேர்க்கைக் கடிதத்தோடு வந்த நிதியுதவிப் பட்டியலில் மானியம், கடன் ஆகியவற்றுக்குக் கீழே ‘வொர்க் ஸ்டடி 3,000 டாலர்’ என்று ஒரு வரி இருந்தது. மொத்த உதவி என்ற கூட்டுத்தொகையில் அதுவும் அடக்கம். அப்பா அந்தக் கூட்டுத்தொகையைக் கட்டணத்திலிருந்து கழித்து, மீதியை மட்டும் புரட்டி வைத்திருந்தார். ஆகஸ்டில் பில் வந்தபோது கையிலிருந்த பணத்தில் பருவத்துக்கு 1,500 டாலர் பற்றாக்குறை. பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தில் விசாரித்த பிறகுதான், அது வேலை செய்து நாமே ஈட்டிக்கொள்ள வேண்டிய தொகையின் உச்சவரம்பு என்றும், வேலையையும் நாமே தேடிக்கொள்ள வேண்டும் என்றும் தெரிந்தது. வேலை கிடைத்து முதல் சம்பளம் கைக்கு வரும்போது செப்டம்பர் முடியப் போகிறது. கட்டணமோ அதற்கு வெகு முன்பே கட்டியாக வேண்டியது. கடனையும் கூலியையும் மானியத்தோடு ஒரே பட்டியலில் கூட்டிக் காட்டும் இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் முதன்மையான குறை.

1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் பிறந்த இத்திட்டத்தில், பொதுவாக மாணவரின் கூலியில் 75 விழுக்காடு வரை மத்திய அரசின் நிதியிலிருந்து வருகிறது. மீதியை வேலை தரும் இடம் ஏற்கிறது. கால் பங்குச் செலவில் ஆள் கிடைப்பதால் பல துறைகள் வொர்க் ஸ்டடி மாணவர்களையே விரும்பி எடுக்கின்றன. மணிக்கு 7.25 டாலர் என்ற மத்திய குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மாறவில்லை. மாநிலச் சட்டம் அதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருந்தால் அதையே தர வேண்டும். எனக்கு 10 டாலர். பதினைந்து வாரப் பருவத்தில் வாரம் பத்து மணி நேரம் தவறாமல் உழைத்தால்தான் 1,500 டாலர் நிறையும். தேர்வு வாரங்களில் நேரத்தைக் குறைத்துக்கொண்டதால் முதல் பருவத்தில் என்னால் அதை எட்ட முடியவில்லை. கல்வியாண்டு முடிந்துவிட்டால் ஈட்டாத தொகை நமக்குச் சேராது.

வேலையைப் பற்றி மனநிறைவோடு சொல்ல முடியும். திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, எண் பார்த்து அலமாரியில் வைப்பது என் பணி. ‘கியூஏ 76.9’ என்ற நூல் வகைப்பாட்டு எண்ணுக்கு முன்னால் ‘கியூஏ 76.73’ நிற்க வேண்டும் என்பது கைவர எனக்கு ஒரு வாரம் ஆனது; புள்ளிக்குப் பின்வருவதைத் தசமமாகப் படிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் அம்மையார் அலமாரி முன்னாலேயே நின்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். வகுப்பிலிருந்து வேலைக்கு நான்கு நிமிட நடை. முன்பு நான் வார இறுதிகளில் வேலை பார்த்த கடையில், தேர்வு என்று விடுப்புக் கேட்டால் அடுத்த வாரப் பட்டியலில் பெயர் இருக்காது. நூலகத்தில் பாட அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டுதான் வேலை நேரத்தையே போட்டார்கள்.

பலர் கவனிக்காத ஒரு நன்மையும் உண்டு. பின்வரும் ஆண்டுகளுக்கான ஃபாஃப்சா (மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கான) விண்ணப்பத்தில் நிதித்தேவையைக் கணக்கிடும்போது, வொர்க் ஸ்டடியில் ஈட்டிய பணம் மாணவரின் வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வெளிக்கடையில் ஈட்டும் பணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஓர் அளவைத் தாண்டினால் பின்வரும் ஆண்டுகளின் உதவியைக் குறைக்கக்கூடும்.

ஊரிலிருந்து மாணவர் விசாவில் வரத் திட்டமிடும் உறவினர் பிள்ளைகள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இத்திட்டம் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கும், சட்டம் தகுதி வழங்கிய வேறு சில பிரிவினருக்கும் மட்டுமே. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்கள் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். ஆனால் அது இத்திட்டத்தின் நிதியில் வருவதன்று.

தகுதி உள்ளவர்கள் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டணக் கணக்கில் இதைச் சேர்க்காமல், புத்தகம், பேருந்து, சாப்பாட்டுச் செலவுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். வளாக வேலைப் பட்டியல் வெளியான அன்றே விண்ணப்பியுங்கள். நான் இரண்டு வாரம் தாமதித்தபோது, ஆய்வக வேலைகள் அனைத்தும் நிரம்பிவிட்டிருந்தன.