மேப் சென்சாரா, மாஃப் சென்சாரா: பெட்ரோல் கணக்கில் எது தேவலாம்?

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்று இ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) முடிவு செய்யுமுன், உள்ளே போகும் காற்றின் எடை அதற்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழி: மாஃப் சென்சார், மேப் சென்சார்.

மாஃப் சென்சார் ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும். உள்ளே மெல்லிய கம்பியோ படலமோ மின்சாரத்தில் சூடாக இருக்கும். காற்று பட்டால் ஆறும். அந்தச் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு கரண்ட் இழுக்கிறதோ, அதை வைத்துக் காற்றின் எடை கிடைத்துவிடும். மேப் சென்சார் காற்றோட்டத்தை அளப்பதே இல்லை. அது சொல்வது மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை மட்டும்தான். அத்துடன் காற்றின் வெப்பத்தையும் ஆர்.பி.எம்.மையும் சேர்த்து, கம்பெனி எழுதி வைத்த அட்டவணைப்படி இ.சி.யு. எடையை ஊகிக்கும். 1967-ல் வந்த பாஷ் டி-ஜெட்ரானிக்கே இந்த அழுத்த வழிதான்.

கேட்டவுடன் மாஃப்தான் உசத்தி என்று தோன்றும். துல்லியத்தில் உண்மைதான். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றினால் மேப் காரில் அட்டவணையைத் திருத்த வேண்டும்; மாஃப் ஓரளவு தானே சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கம்பியில் அழுக்கு ஏறினால் எல்லாம் கெட்டது. ‘ஸ்போர்ட்ஸ்’ ஃபில்டருக்கு எண்ணெயை அள்ளிப் பூசுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வரும் காற்றைக் குறைத்துக் காட்டும், பெட்ரோலும் குறையும், பிக்கப் போய்விடும். அதற்கென்று விற்கிற ஸ்ப்ரேயால் கழுவலாம். துணியால் துடைத்தால் கம்பி போச்சு.

காற்றுக் கசிவில்தான் இரண்டின் குணமும் வெளியே வரும். த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) அப்பால், இன்ஜின் பக்கம் ஒரு வேக்கம் குழாய் வெடித்திருக்கிறது என்று வையுங்கள். அந்த வழியாக நுழையும் காற்று மாஃபின் கண்ணில் படவே படாது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார் காட்டிக்கொடுத்த பிறகுதான் இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (இ.சி.யு. பெட்ரோலில் செய்துவரும் கூட்டல் கழித்தல்) ஐடிலில் +18 சதவீதம், 2,500 ஆர்.பி.எம்.மில் +4 என்கிற மாதிரி காட்டும். கசிவு அடைபட்டதால் குறையவில்லை. மொத்தக் காற்று கூடியதால் கசிவின் பங்கு சிறுத்துவிட்டது. இன்னும் மோசமானால் ‘காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை’ என்கிற பி0171 கோடு விழும்.

மேப் காரில் அதே கசிவு மேனிஃபோல்டு அழுத்தத்தை ஏற்றும். அதைப் பார்த்து இ.சி.யு. பெட்ரோலையும் கூட்டிவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது, ஐடில் மட்டும் ஏறி நிற்கும். ட்ரிம்மை மட்டும் பார்க்கிற மெக்கானிக் ‘கசிவே இல்லை’ என்று அனுப்பிவிடுவார்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்று போதும். ஆனால் டேங்கில் என்ன இருக்கிறது என்று இரண்டுக்குமே தெரியாது. ஆக்ஸிஜன் சென்சார்தான் திருத்த வேண்டும்.

தூசி ரோட்டில் ஓடும் சின்ன கார், மாற்றி அமைக்கும் ஆசையும் இல்லை என்றால் என் ஓட்டு மேப்புக்கு. டர்போ கார்கள் பலவற்றில் இரண்டுமே இருக்கும். அங்கே டர்போ அழுத்திய காற்றைக் கொண்டுபோகும் பூஸ்ட் பைப்பின் கிளிப் கழன்றால் கதை தலைகீழ்: மாஃப் எண்ணி முடித்த காற்று வெளியே ஓடிவிடும், பெட்ரோல் மட்டும் மிஞ்சும், புகை கறுப்பாக வரும்.