வேர்டுல படம் வைக்க இன் லைனா, ஸ்கொயரா?

வேர்டுல படத்தை இன்சர்ட் பண்ணா டீஃபால்ட்டா இன் லைன் வித் டெக்ஸ்ட்ல தான் வரும், அதாவது படமும் ஒரு பெரிய எழுத்து மாதிரி அந்த வரியிலயே உக்காந்துக்கும், மேல நாலு வரி சேர்த்தா கூடவே கீழ இறங்கும், நடுவுல கொண்டு வர கன்ட்ரோல் ஈ அடிச்சா போதும். ரிப்போர்ட், தீசிஸ்னு பக்கம் கூடக்கூட எடிட் பண்ற ஃபைலுக்கு என் ஓட்டு இதுக்கு தான். ஒண்ணு மட்டும் கவனிங்க, லைன் ஸ்பேஸிங் எக்ஸாக்ட்லினு இருந்தா படம் ஒரு கீத்து தான் தெரியும், சிங்கிள்னு மாத்தினா முழுசா வந்துடும்.

ஸ்கொயர்ல படத்தை எங்க வேணா இழுக்கலாம், சுத்தி எழுத்து ஓடும், ஒரு பக்க நோட்டீஸ், நியூஸ்லெட்டருக்கெல்லாம் சூப்பரா இருக்கும். ஆனா படத்தோட ஆங்கர், அதாவது படத்தை பாராவோட கட்டி வைக்கிற நங்கூரம், ஏதாவது ஒரு பாராவுல மாட்டியிருக்கும், அந்த பாராவை மொத்தமா டெலீட் பண்ணா படமும் சேர்ந்து போயிடும், இது நிறைய பேருக்கு தெரியாம படம் எங்க போச்சுனு தேடுவாங்க. படத்தை கிளிக் பண்ணா சின்ன நங்கூரம் தெரியும், அது எந்த பாரா பக்கத்துல இருக்குனு பாத்துட்டு அழிங்க. எழுத்து நகர்ந்தாலும் படம் பேஜ்ல அதே இடத்துல நிக்கணும்னா லேஅவுட் ஆப்ஷன்ஸ்ல ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ் குடுங்க.