9.7-ஆ, ஏ மைனஸா?

இண்டி ஆல்பம் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராதது) வாங்கும் முன் பார்க்க இரண்டு வழி: பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளத்தின் 0.0 முதல் 10.0 வரையிலான மதிப்பெண், அல்லது அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்கவ் 1969-இல் 'கன்ஸ்யூமர் கைடு' பத்தியில் தொடங்கிய ஏ, பி, சி தரம்.

பிட்ச்ஃபோர்க்கின் பலம் அதன் வீச்சு. 2004-இல் ஆர்கேட் ஃபயர் இசைக்குழுவின் 'ஃபியூனரல்' ஆல்பம் 9.7 வாங்கியதும், மெர்ஜ் என்ற சின்ன நிறுவனத்திடம் இருந்த பிரதிகள் மளமளவென்று தீர்ந்தன. அதே ஆண்டு பாடகர் டிராவிஸ் மாரிசனின் தனி ஆல்பத்துக்கு 0.0, அதை விற்க மறுத்த கடையும் உண்டு. ஒரு எண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் எனக்குப் பிடிக்கவில்லை. 7.8-க்கும் 7.9-க்கும் காது என்ன வித்தியாசம் காணும்?

கிறிஸ்ட்கவ் சில வரிகளில் முடித்துவிடுவார். அப்புறம், அது ஒரே மனிதரின் காது. இருபது குறிப்பு படித்தாலே ரசனை பிடிபட்டுவிடும்; அவர் திட்டியதில்கூட நமக்கானதைக் கண்டுபிடிக்கலாம். புதுப் பெயர்களுக்குப் பிட்ச்ஃபோர்க், சரி. காசு கொடுக்கும் முன் இவரைத்தான் படிப்பேன்.